ஊர்ப்பெயரை எடுத்துவிட்டால் கதை நிற்குமா?

கேள்வி, ஜூன் 2

நெல்லைச் சீமை எழுத்தாளர்களை நெல்லைக்காரர்களாகிய நாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவதற்குக் கதை காரணம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தெரிந்த தெருவும் தெரிந்த படித்துறையும் அச்சில் வந்துவிட்டன என்ற மகிழ்ச்சிதான் காரணம். ஊர்ப்பெயர்களை எடுத்துவிட்டால் இவற்றில் பாதிக் கதைகள் நிற்கமாட்டா. மறுக்கிறவர்கள் பொதுவாகப் பேசாமல் கதையின் பெயரைச் சொல்லி மறுக்கட்டும்.

பதில், ஜூன் 2, இரவு

கதையின் பெயரைச் சொல்லியே தொடங்குகிறேன்: புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்'. திருநெல்வேலி எழுத்து என்று எவர் பட்டியல் போட்டாலும் அதில் இடம்பெறக்கூடிய அந்தக் கதை நடப்பது சென்னையில். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளையின் மனைவி இறந்துபோன நேரத்தில் கதை தொடங்குகிறது. பிறகுதான் அவள் எப்படி வாழ்ந்தாள் என்பது தெரிகிறது. போக வேண்டும் என்று பேசிப் பேசிப் போகாமலே விட்ட ஓர் இடமாக மட்டுமே ஊர் அதில் வருகிறது. அடையாளம் கண்டு மகிழ அதில் நமக்கு ஒரு தெருவும் கிடையாது. பிழைக்கப் போன இடத்தில் வாடகை வீட்டின் சுவரைப் பார்த்துக்கொண்டு ஊரை நினைக்கிற எந்தக் குடும்பமும், அது எந்தச் சீமைக் குடும்பமாக இருந்தாலும், அந்தக் கதைக்குள் நுழைந்துவிடும். ஊர்ப்பெயரை எடுத்துப் பாருங்கள். கதைக்கு ஒரு கீறலும் விழாது.

ஜூன் 3

மேலே எழுதியதற்கு ஒரு சிறு இணைப்பு. நெல்லையின் பிள்ளை என்று நாம் உரிமை கொண்டாடும் புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். 1948இல் இறந்தது திருவனந்தபுரத்தில். இடையில் இங்கே வந்து இந்துக் கல்லூரியில் படித்தார் என்பது உண்மைதான். ஆனால் நாம் செய்கிற உரிமைக் கொண்டாட்டத்தைப் பார்த்திருந்தால் அதையும் ஒரு கதையாக எழுதி நம் வாயை அடைத்திருப்பார்.

ஜூன் 5

கேள்வி கேட்டவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு நாவல் இருக்கிறது. வண்ணநிலவனின் 'ரெயினீஸ் ஐயர் தெரு' 1981இல் வந்த சிறு நாவல். பாளையங்கோட்டைக்காரர்களுக்கு அந்தத் தெருவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, இங்கேயே பணி செய்து, 1838இல் இங்கேயே இறந்த ரெயினீஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியாரின் பெயரைத் தாங்கிய தெரு அது. நானோ அந்தப் பக்கத்திலேயே வளர்ந்தவள். நாவல் கைக்கு வந்தபோது நான் செய்த முதல் காரியம், டாரதி எந்த வீட்டில் இருந்திருப்பாள், இருதயத்து டீச்சர் வீடு வலப்பக்கமா இடப்பக்கமா என்று கணக்குப் போட்டதுதான். பக்கத்து வீட்டு அக்காவும் நானும் இதைப் பற்றி ஒரு மாலை முழுவதும் வாதாடியிருக்கிறோம். நாவலில் என்ன நடந்தது என்று அன்று எவராவது கேட்டிருந்தால் எங்கள் இருவருக்கும் பதில் இருந்திருக்காது.

பிறகு தந்தி அலுவலக வேலையில் மாற்றலாகி வடக்கே ஒரு ஊரில் இருந்த காலத்தில் அதே நாவலை மறுபடியும் எடுத்தேன். அங்கே எனக்கு அந்தத் தெரு ஜன்னலுக்கு வெளியே இல்லை. அப்போதுதான் அந்த எழுத்து என்ன செய்கிறது என்பது தெரிந்தது. எதிரும் புதிருமான சில வீடுகள். ஒரு வீட்டில் நடப்பதை எதிர் வீடு பார்க்கிறது, எதிர் வீடு பார்ப்பதை இந்த வீடு அறிந்திருக்கிறது, இருந்தும் ஒருவர் துயரத்தை மற்றவர் முழுவதுமாகத் தொட்டுவிட முடிவதில்லை. பெரிய சம்பவம் என்று எதையும் எடுத்துச் சொல்ல முடியாத அந்த நாவலில் ஒவ்வொருவரும் தம் வீட்டு வாசலில் நிற்கிற விதமே கதையாகிவிடுகிறது. இந்த விஷயம் தெருவை அறியாதவருக்கு முதல் வாசிப்பிலேயே கிடைத்திருக்கும். எனக்குத் தாமதமாகக் கிடைத்ததற்குக் காரணம் நான் ஊர்க்காரி என்பதுதான்.

ஆகவே, தெரிந்த இடத்தைக் கண்ட மகிழ்ச்சியில் நாம் கதையை விட்டுவிடுகிறோம் என்ற குற்றச்சாட்டில் பாதி எனக்குச் சம்மதம். ஆனால் நண்பர் அந்தக் குற்றத்தை எழுத்தாளர் கணக்கில் எழுதுகிறார். அது வாசகர் கணக்கில் எழுதவேண்டியது.

ஜூன் 6

"கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் தூத்துக்குடி மாவட்டம், அவர்களை நெல்லைக் கணக்கில் சேர்க்காதீர்கள்" என்று கோவில்பட்டி நண்பர் ஒருவர் கோபித்திருக்கிறார். தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது 1986இல். அவர்கள் இருவரும் பிறந்தது 1923இல். தென்காசியும் 2019இல் பிரிந்துவிட்டது. ஆட்சியர் அலுவலகம் மாறுகிற போதெல்லாம் புத்தக அலமாரியை மாற்றி அடுக்கிக்கொண்டிருக்க என் முதுகுக்குத் தெம்பு இல்லை. கரிசல் தனி உலகம் என்று அவர் சொல்லியிருந்தால் மறு பேச்சின்றி ஒப்புக்கொண்டிருப்பேன்.

ஜூன் 9

கோவில்பட்டி நண்பரின் கோபம் எனக்கு ஒரு நல்ல வழியைக் காட்டிவிட்டது. ஊர்தான் கதையை நிறுத்துகிறது என்றால், ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஒரே மாதத்தில் பிறந்து, சேர்ந்தே வளர்ந்த இரண்டு நண்பர்கள் ஒரே மாதிரிக் கதைகளை அல்லவா எழுதியிருக்க வேண்டும்? இடைசெவலில் 1923 செப்டம்பரில் பிறந்தவர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். இருவருக்கும் கரிசல் ஒன்று, வறட்சி ஒன்று, கேட்ட கதைகளும் ஏறத்தாழ ஒன்று. எழுத்து மட்டும் ஒன்றில்லை.

கி.ரா.வின் 'கதவு' கதையையும் அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். இரண்டிலும் குழந்தைகள், இரண்டிலும் ஏழை வீடு, இரண்டும் விளையாட்டில் தொடங்குகின்றன. 'கதவு' கதையில் குழந்தைகள் வீட்டுக் கதவையே வண்டியாக்கி ஏறி ஆடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவு பெயர்த்துக்கொண்டு போகப்படுகிறது. அதன் பிறகு அந்த வீட்டுக்குள் வருகிற குளிரையும் அது கொண்டுபோகிற உயிரையும் கி.ரா. சொல்லும்போது, திண்ணையில் அமர்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற குரல் மாறுவதில்லை. குரலை உயர்த்தாததால்தான் அது நம்மைத் தாக்குகிறது.

அழகிரிசாமியிடம் சொல்பவரின் குரலே கேட்பதில்லை. உன் வீட்டில் இது உண்டா, என் வீட்டில் அது உண்டு என்று குழந்தைகள் போட்டி போடுகிறார்கள். தீபாவளிக்கு முன் தெருவில் நிற்கிற, உடம்பெல்லாம் சிரங்கு பிடித்த ஓர் அநாதைச் சிறுவனை ஏழைத் தாய் தாயம்மாள் வீட்டுக்குள் அழைத்து, குளிப்பாட்டி, உண்ணக் கொடுக்கிறாள். பணக்கார வீட்டுக் குழந்தை தங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகச் சொல்லும்போது, மங்கம்மாள் தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகச் சொல்கிறாள். அந்தச் சிறுவனின் பெயர் ராஜா. அவள் கேலியும் செய்யவில்லை, தத்துவமும் பேசவில்லை, இருப்பதைச் சொல்கிறாள். எழுத்தாளர் அந்த இடத்தில் ஒதுங்கி நிற்கிறார். கி.ரா.வாக இருந்தால் ஒதுங்கியிருக்கமாட்டார். பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமியிருப்பார்.

இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால், பல ஆண்டுகள் கி.ரா. என்று சொல்லி வந்தவள் நான். இப்போது அழகிரிசாமி பக்கம் சாய்கிறேன். வயது ஏற ஏற, சொல்லிக் காட்டாத எழுத்தின் மேல் விருப்பம் கூடுகிறது போலும். அவருக்கு 'அன்பளிப்பு' தொகுதிக்காகச் சாகித்திய அகாதமி விருது 1970இல் அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை, கி.ரா.வுக்கு 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991இல் கிடைத்தது.

ஜூன் 10

'ராஜா வந்திருக்கிறார்' கதையின் முடிச்சை அவிழ்த்துவிட்டேன் என்று ஒருவர் வருந்துகிறார். முடிச்சு தெரிந்தபின் படிக்க முடியாத கதை என்றால் அதை எதற்குப் படிப்பது? அந்தக் கதையை நான் மனப்பாடமாக அறிவேன். தாயம்மாள் வெந்நீர் எடுத்து ஊற்றுகிற இடம் வரும்போது இன்றும் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருக்கிறது.

ஜூன் 13

ஊர் தெரியாதவர்களுக்கு இவை புரியமாட்டா என்ற பேச்சு மறுபடியும் வந்திருக்கிறது. நம் தலைமுறையில் இந்த ஊரில் படிக்கத் தொடங்கியவர்கள் எதைப் படித்தோம் என்று நினைத்துப் பாருங்கள். நியூ செஞ்சுரி புத்தக நிலையம் விற்ற சோவியத் நூல்கள், கெட்டி அட்டை, நல்ல காகிதம், கல்லூரி மாணவியின் கைச்செலவுக்கு எட்டும் விலை. கார்க்கியின் 'தாய்' நாவலைத் தமிழில் தந்தவரே நம்மூர் தொ.மு.சி. ரகுநாதன்தான். தஸ்தயெவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' படித்தபோது இரவு எப்படி வெண்ணிறமாக இருக்கும் என்று கேட்டு எவரும் புத்தகத்தை மூடிவைக்கவில்லை. சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அமர்ந்து பீட்டர்ஸ்பர்க் நகரத்துக் கால்வாய்க் கரையில் நின்ற பெண்ணுக்காக அழுதவர்கள் நாம். நேவா நதியை நாம் பார்த்ததில்லை. அப்படியிருக்க, தாமிரவருணியைப் பார்க்காதவருக்கு நம் கதைகள் எட்டாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

ரகுநாதனின் பெயர் வந்ததால் ஒரு வார்த்தை. அம்பாசமுத்திரம் பகுதிக் கைத்தறி நெசவாளர்களின் துயரத்தை வைத்து அவர் எழுதிய 'பஞ்சும் பசியும்' 1953இல் வந்தது. நூல் தட்டுப்பாட்டில் தறிகள் நின்றுபோன வீடுகளை எழுதிய பக்கங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. கொள்கையைப் பேசுவதற்காக மாந்தரை எழுந்து நிற்க வைத்த பக்கங்களுக்கு அந்த உயிர் இல்லை. இதைச் சொன்னால் என் பழைய தோழர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

ஜூன் 16

ஆனித் தேர் வருகிறது என்பதால் வீட்டில் பேச்சு முழுவதும் அதைப் பற்றியே. என் மருமகள் கோயம்புத்தூர்ப் பெண். திருமணமாகி வந்து இதுதான் அவளுக்கு இங்கே முதல் ஆனி. நம் வாதத்துக்குப் பயன்படட்டும் என்று வண்ணதாசனின் 'நிலை' கதையை அவளிடம் கொடுத்தேன். நெல்லையப்பர் தேரை அவள் பார்த்ததில்லை, ரத வீதிகளின் வரிசையும் அவளுக்குத் தெரியாது. வீட்டார் எல்லோரும் தேர் பார்க்கப் போக, வீட்டு வேலைக்கு இருக்கும் சிறுமி போக முடியாமல் வீட்டில் நிற்கிற கதை அது.

படித்துவிட்டு அவள் கேட்டது: "அத்தை, இந்த வீட்டில் தேர் அன்றைக்கு யார் இருப்பார்கள்?"

எங்கள் வீட்டிலும் ஒருத்தி இருந்திருக்கிறாள். அம்மா காலத்தில், சாவியை ஆணியில் மாட்டி, அடுப்பை அணைக்கச் சொல்லி, கதவைத் தாழிட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு நாங்கள் வடம் பிடிக்கப் போவோம். 'நிலை' எங்கள் ஊர்க் கதை, எங்கள் தேர், எங்கள் வீதி என்று நான் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஊரே தெரியாத பெண் அந்தக் கதையில் தேரை விட்டுவிட்டு வீட்டில் நின்றவளைப் பிடித்துக்கொண்டாள். வண்ணதாசன் எழுதியதும் தேரைப் பற்றி இல்லையே.

ஜூன் 17

நேற்று எழுதியதை இரவு முழுவதும் அசை போட்டதில், இந்த விவாதத்தில் நாம் எல்லோரும் "நாம்" என்ற சொல்லை மிகவும் சுலபமாகப் பயன்படுத்துகிறோம் என்று தோன்றியது. நெல்லைக்காரர் என்றால் எவர்?

கடற்கரை ஊரான உவரி இங்கிருந்து பேருந்து ஏறினால் போய்விடுகிற தூரம். ஆனால் அந்த ஊர்க்காரர் ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' நாவல் கையில் வந்தபோது, கட்டுமரத்தின் உறுப்புகளும் காற்றின் வகைகளும் மீன்களின் பெயர்களும் நிரம்பிய தொடக்கத்துப் பக்கங்களில் நான் திக்கு முக்காடினேன். அந்த நாவலின் ஆமந்துறைக் கடலில் நான் கோயம்புத்தூர்க்காரியை விட எந்த விதத்திலும் உள்ளூர்க்காரி இல்லை. பூமணியின் 'பிறகு' 1979இல் வந்தது. செருப்புத் தைக்கும் அழகிரி கிராமத்துக்குப் பிழைக்க வந்து, ஊருக்கு வேண்டியவனாகவும் ஊருக்கு வெளியிலுமாக வாழ்கிற வாழ்க்கை அது. அந்தக் கரிசல் ஊர்களின் வழியே ரயிலில் எத்தனையோ முறை போயிருந்தும் எனக்கு அந்த வாழ்க்கை தெரியாது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யில் வருகிற வாசவன்பட்டி நம் சீமைப் பெயர்தான். ஆனால் அங்கிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற மருதியின் துயரத்தில் "எங்கள் ஊர்" என்று பெருமைப்பட எனக்கு என்ன உரிமை? அவளைப் போகவைத்ததும் இந்த ஊர்தான்.

ஆகவே கேள்வியைச் சற்று மாற்றி வைக்கிறேன். தெரிந்த தெருவைக் கண்டு மகிழ்வது ஒரு வகை வாசிப்பு. அதில் தவறு இல்லை, நானும் மகிழ்கிறேன். ஆனால் அது டவுன் ரத வீதிகள், பாளையங்கோட்டைத் தெருக்கள், குறுக்குத்துறைப் படித்துறை என்ற வட்டத்துக்குள் வாழ்ந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கிற மகிழ்ச்சி. அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டால் இந்தச் சீமையின் பாதி எழுத்தை நாம் வெளியூர் எழுத்து என்று தள்ளிவிடுவோம். தள்ளியும் இருக்கிறோம், நம் பட்டியல்களில் எத்தனை முறை 'பிறகு' வந்திருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

ஜூன் 18

"நீளமாக எழுதுகிறீர்கள், அஞ்சலட்டை அளவில் சொல்லக்கூடாதா" என்று ஒரு செல்லக் கண்டனம். அஞ்சலட்டையில் விமர்சனம் செய்ய விமர்சகர் தி.க.சி. ஒருவரால்தான் முடிந்தது. சுடலைமாடன் கோவில் தெரு வீட்டிலிருந்து, எங்கோ ஒரு சிற்றிதழில் முதல் கதை எழுதிய பையனுக்கும் பெண்ணுக்கும் அவர் அட்டை எழுதிக்கொண்டே இருந்தார். தந்தி அலுவலகத்தில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அஞ்சல்காரர்களுக்கு அந்த முகவரி மனப்பாடம். அதற்கு முந்திய காலத்தில் வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தில் ஞாயிறு மாலைகளில் கம்பனை வாய்விட்டுப் படித்து ரசித்தார்கள். ஒருவர் அட்டையில் எழுதினார், ஒருவர் கூட்டி வைத்துப் பேசினார். எனக்கு இரண்டும் வராது; இப்படி நீட்டி எழுதத்தான் வரும்.

ஜூன் 20

தோப்பில் முகமது மீரானை எந்தக் கணக்கில் வைப்பது என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. பிறந்தது குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில். பல ஆண்டுகள் வணிகம் செய்து வாழ்ந்தது நம் ஊரில். 2019இல் மறைந்ததும் இங்கேதான். ஆனால் 1988இல் வந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் தொடங்கி, அகாதமி விருது பெற்ற 'சாய்வு நாற்காலி' வரை அவர் எழுதியது தேங்காய்ப்பட்டணத்தை. கடைக் கணக்கை இங்கே எழுதிக்கொண்டு, கதையை அங்கே நடத்தியிருக்கிறார். செல்லம்மாளைப் படைத்தவர் சென்னையிலிருந்து நெல்லையைப் பார்த்தார். இவர் நெல்லையிலிருந்து வேறொரு கரையைப் பார்த்தார். ஊரை விட்டு வந்தபின்தான் ஊர் கதையாகிறது என்று இதை வைத்து விதி எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரிலேயே இருந்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். அதனால் எழுதாமல் விடுகிறேன்.

ஜூன் 24

மருமகள் அடுத்ததாக வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலை முடித்துவிட்டாள். எனக்கு உயிரான நாவல் என்பதால் அவள் கருத்தை ஆவலோடு எதிர்பார்த்தேன். வல்லம் என்ற நாட்டுப் படகு வைத்திருப்பவர்களுக்கும் லாஞ்சு என்ற விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கும் இடையிலான பகையும், வல்லத்தை விற்க மனமில்லாத குரூஸ் மிக்கேலின் பிடிவாதமும் அவளுக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. மிக்கேலின் மகள் பிலோமியைத்தான் அவள் ஏற்கவில்லை. கைவிட்டுப் போனவனை இவ்வளவு அன்போடு நினைத்துக்கொள்ள எந்தப் பெண்ணாலும் முடியாது, இந்த நாவலில் எல்லோரும் எல்லோரையும் சீக்கிரமே மன்னித்துவிடுகிறார்கள் என்கிறாள். கொலை விழுந்த ஊரில் எல்லோரும் இப்படியா மன்னிக்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். "கொலை செய்தவர்கள் ஆண்கள், மன்னிக்கிறவர்கள் பெண்கள், கவனித்தீர்களா அத்தை?" என்றாள்.

கவனித்ததில்லை. இருந்தும் பிலோமியை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. அவள் மன்னிக்கவில்லை, வெறுப்பதற்கு அவளுக்கு நேரம் இல்லை என்றுதான் நான் படிக்கிறேன். இதைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. 'கடல்புரத்தில்' படித்தவர்கள் உங்கள் கருத்தை எழுதுங்கள். நாவல் நடக்கிற மணப்பாட்டுக்குப் போய் வந்த கதையைத் தயவுசெய்து எழுதாதீர்கள். அவளுக்கு அடுத்ததாகப் பூமணியின் 'வெக்கை'யைக் கொடுத்திருக்கிறேன், அதை வைத்து எடுத்த 'அசுரன்' படத்தைப் பார்ப்பதற்கு முன் படித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.